கடற்கரைக்குப் போன கரிசல்

இன்று காலை அலுவலக முத்திரையைத் தேடி மேஜையின் கடைசி இழுப்பறையை இழுத்தேன். அது எப்போதும் பாதியில் சிக்கிக்கொண்டு வம்பு பண்ணும். முழங்காலால் முட்டுக்கொடுத்து வெடுக்கென்று இழுத்ததும், பழைய ரசீதுகளுக்கும் மை காய்ந்த பேனாக்களுக்கும் அடியிலிருந்து ஏதோ ஒன்று 'சலக்' என்றது. உன் கொலுசு. ஒற்றைக் கொலுசு.

நான் அதைத் தொடவில்லை. இழுப்பறையைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். கீழே கடலைமிட்டாய்க் கடையில் வெல்லப் பாகு காய்ச்சும் வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. நீ இங்கே வரும்போதெல்லாம் அந்த வாசனையை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, "இதுக்கே நீ சம்பளம் வாங்காம வேலை பாக்கலாம்ட்டி" என்பாய். திரும்பி வந்தபோது கொலுசு அப்படியே கிடந்தது. எங்கே போய்விடும்?

முத்திரை எதற்கு என்று கேட்பாய். உனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. உனக்குத்தான்; உன் பெயர் போட்டு, "மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று தொடங்கி. ஏழு வருடங்களுக்கு முன்னால் இதே மேஜையில் உட்கார்ந்து உன் பெயரில் நான் திறந்துகொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு வந்திருக்கிறது. அன்று நீ, "எனக்கு எதுக்குட்டி இது? மெயில்ல மீனா வரப்போவுது?" என்று சிரித்தாய். கடவுச்சொல்லையும் நானே வைத்தேன். நீ ஒருநாள்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை. நீ இருந்தபோதும் உன் கடிதங்களை நான்தான் படித்தேன், நீ போன பிறகும் நான்தான் படிக்கிறேன். அப்போது அதற்கு உதவி என்று பேர். இப்போது அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் ஊருக்குப் பணம் வருகிறது. முழுப் பணமும். கடலை விட்டு உள்ளே தள்ளி, மேடு போட்டு, எல்லாக் குடும்பத்துக்கும் வீடு. ஊர்ப் பிரதிநிதி என்ற முறையில் நீ இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம்.

நீ இறந்தது பணம் தருகிறவர்களுக்குத் தெரியாதா என்று யோசிக்காதே. தெரியும். நான்தான் எழுதினேன், "ஊரைச் சேர்ந்த ஒரு பெண் உயிரிழந்தார்" என்று. ஆனால் படிவத்தில் உயிரிழப்புக்கு ஒரு கட்டம், பிரதிநிதிக்கு இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில் பெயர் கேட்கவில்லை. இரண்டு கட்டத்திலும் இருப்பது ஒருத்திதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான். மூன்று வருடமாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

கொலுசுக்கு வருகிறேன்.

இந்தக் கோவில்பட்டியில்தான் நாம் இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நீ கடற்கரையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். நான் இடைசெவலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவள். உன் பெட்டியில் எப்போதும் ஒரு கருவாட்டுப் பொட்டலம் இருக்கும், விடுதிக் காப்பாளர் மோப்பம் பிடித்து வருவதற்குள் நாம் அதைத் தீர்த்துவிடுவோம். இரண்டாம் வருடம் முடிந்த கோடை விடுமுறையில் நீ எங்கள் வீட்டில் ஒரு வாரம் வந்து தங்கினாய். சித்திரை வெயில். பருத்தி எடுத்து முடித்த காடு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நீ அப்படியொரு தரையை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"என்ன ஊருட்டி இது? தரையே வாயைப் பொளந்துட்டு நிக்கி?"

சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வெடிப்பாகத் தாண்டித் தாண்டிக் குதித்தாய். ஐந்தாவதோ ஆறாவதோ குதிப்பில் கொக்கி கழன்று ஒரு கொலுசு உள்ளே போய்விட்டது. நீ அப்படியே மண்ணில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டாய். முழங்கை போயிற்று. பிறகு தோள்வரை போயிற்று. உன் கன்னம் தரையில் அழுந்தியிருந்தது. அந்த நிலையிலேயே கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்து, "அடியே தட்டுப்படலட்டி, உள்ள சூடா காத்து வருது" என்றாய்.

எனக்குச் சிரிப்பு தாளவில்லை. "விடுட்டி. மழை பெஞ்சா மண்ணு வாயை மூடிக்கிடும். கொலுசு உள்ளயே கெடக்கும். மொளைச்சா சொல்லி அனுப்புதேன்."

உங்கள் அம்மா சீட்டுப் பிடித்து வாங்கிக்கொடுத்த கொலுசு அது. நீ அழவில்லை. எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, மற்றக் காலில் கிடந்ததைக் கழற்றி என் கையில் வைத்தாய். "ஒத்தக் கொலுசை வச்சு நான் என்ன செய்ய? நீயே வச்சுக்க" என்றாய்.

அதே வாரம்தான் எங்கள் அண்ணன் புது வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக்கொண்டிருந்தான். ஆள் உயரத்துக்குக் கரிசலை வாரி வெளியே கொட்டிவிட்டு, அடியில் வெள்ளையாகக் கடினமாக வரும் சுக்கான் தட்டுப்பட்ட பிறகு, குழி முழுக்கச் சரள் மண்ணைப் போட்டு இடித்தார்கள். நல்ல மண்ணை ஏன் இப்படி வாரிக் கொட்டுகிறீர்கள் என்று நீ கேட்டாய். அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு உனக்குப் பொறுமையாகச் சொன்னான்.

"இது மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், தாயி. இதுமேல வீட்டை வச்சா வீடும் சேந்து ஆடும்லா."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு அது புதிய செய்தியே இல்லை. எங்கள் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது தெரியும்.

அப்புறம் நீ கல்யாணம் முடித்து உன் ஊரோடு போய்விட்டாய். நான் இந்தத் தொண்டு நிறுவனத்தில் விண்ணப்பம் எழுதுகிறவளாக வந்து உட்கார்ந்தேன். வருடத்துக்கு ஒரு தடவை கல்யாண வீட்டிலோ சாவு விழுந்த துஷ்டி வீட்டிலோ பார்த்துக்கொள்வோம். ஒருநாள் மத்தியானம் விளாத்திகுளம் பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் கருவாட்டுப் பையோடு இந்தப் படியேறி வந்தாய். மூச்சு வாங்க உட்கார்ந்து நீ சொன்ன முதல் வாக்கியம் எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

"ஏட்டி, எங்க கல்லறைத் தோட்டம் போயிருச்சு. எங்க அப்பாவைக் கடல் எடுத்துட்டுப் போயிருச்சு."

முதலில் எனக்குப் புரியவில்லை. உங்கள் அப்பா செத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. நீ விளக்கிச் சொன்ன பிறகுதான் புரிந்தது. கல்லறைகள்தான் ஊரிலேயே கடலுக்குக் கிட்டே இருந்தன. அதற்கு அடுத்த வரிசை வீடுகள். "செத்தவங்களை முடிச்சுட்டு, இப்ப எங்களைப் பாக்குது" என்றாய்.

அன்றுதான் இந்த நிதியைப் பற்றி உனக்குச் சொன்னேன். உலகம் சூடாகிறது, கடல் ஏறுகிறது, புயலின் குணமே மாறுகிறது. அதைத் தாங்கி வாழ்கிற மாதிரி ஊரை மாற்றிக்கொள்ள, கடற்கரைக் கிராமங்களுக்கும் சின்னச் சின்னத் தீவு நாடுகளுக்கும் பெரிய நாடுகள் சேர்ந்து பணம் தருகின்றன. கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நீ கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

அந்த முறைதான் நம்மை இரண்டு வருடம் பாடாய்ப் படுத்தியது. உன் ஊர்க் கடல் ஏறியது பருவநிலை மாற்றத்தாலா, வழக்கமான அரிப்பாலா, பிரித்துக் காட்டு என்றார்கள். நான் அந்தக் கேள்வியை உனக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் நீ, "கடல்கிட்ட போயி, நீயா வந்தியா, யாரும் அனுப்பி வந்தியான்னு கேட்டுட்டு வரச் சொல்லுதாகளா?" என்றாய். நான் சிரித்துவிட்டு அதற்கும் ஒரு பதில் எழுதினேன். எதற்கும் ஒரு பதில் எழுதுவேன் நான். அதுதான் என் திறமை, அதுதான் என் வியாதி.

சென்னையில் நடந்த கூட்டத்துக்கு உன்னைக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? குளிர்சாதன அறையில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எங்கோ ஒரு தீவு நாட்டிலிருந்து வந்த அம்மா, உன் வயதுதான், திரையில் ஒரு படம் காட்டினார். பாதிக் கல்லறைகள் தண்ணீருக்குள் நின்றன. நீ என் தொடையைப் பிடித்து அழுத்தினாய். இடைவேளையில் நேராக அவரிடம் போனாய். உனக்கு அவர் பேச்சு தெரியாது, அவருக்கு உன் பேச்சு தெரியாது. நான் நடுவில் நின்றேன். மேடு போடுகிற மண்ணுக்கு மட்டும் தங்களிடமே பங்கு கேட்கிறார்கள் என்று அவர் சொன்னதை நான் உனக்குச் சொன்னேன்.

"அங்கனயும் அப்படித்தானா?" என்று நீ வாயில் கைவைத்துக்கொண்டாய். "கடலை ஏத்திவிட்டது அவிய. மேடு போடுதது மட்டும் நம்ம பங்கா?"

அதை நான் அந்த அம்மாவுக்குச் சொன்னபோது அவர் சத்தமாகச் சிரித்தார், அப்புறம் உன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தக் கேள்வியை அன்று அந்த மேடையிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் நம் விண்ணப்பத்துக்குக் கெடுதல் என்று நினைத்தேன்.

முதலில் கொஞ்சம் பணம்தான் வந்தது. பரீட்சார்த்தமாக ஒரே ஒரு கட்டடம். புயல் நேரத்தில் ஊர் முழுக்க வந்து ஒண்டிக்கொள்ள ஒரு ஹால். அது சரியாக நடந்தால்தான் வீடுகளுக்குப் பணம். கட்டடத்துக்குக் காசு உண்டு, அது நிற்கிற மேட்டுக்குக் கிடையாது. மேடு உள்ளூர்ப் பங்களிப்பு. பங்குனிக்குள் மேடு எழும்பியிருக்க வேண்டும். சரள் மண் விலை கேட்டோம். உங்கள் ஊர் மகளிர் சங்கத்துப் பெண்கள் நான்கு வருடம் கருவாடு விற்றாலும் தேறாது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். மண் சும்மா கிடைக்கும். லாரிக்கு டீசல் காசு மட்டும் கொடுத்தால் போதும். உனக்குப் போன் போட்டு, "மண்ணுக்கு வழி பண்ணிட்டேன்ட்டி, எங்க ஊருல இருந்து வருது" என்று கத்தினேன். நீயும் கத்தினாய்.

அண்ணன் மட்டும் கத்தவில்லை. "ஏட்டி, கரிசலைப் போட்டா அதுமேல கட்டப்போறீக? கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?" என்றான்.

"அது கடக்கரைண்ணே. எந்நேரமும் ஈரம் இருக்கும். காஞ்சாத்தான வெடிக்கும்?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். படித்தவள் சொல்கிறாள் என்று விட்டுவிட்டான். அந்தப் பதிலை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. கெடு நெருங்கிவிட்டது, ஒரு பதில் வேண்டியிருந்தது, வந்துவிட்டது.

உங்கள் கொத்தனார் மணலில் கட்டிப் பழகியவர். கரிசலைக் கையில் பிடித்துப் பார்த்து, நல்ல பிடிப்பான மண் என்று சந்தோஷப்பட்டார். நிதி தருகிறவர்கள் மேற்பார்வைக்கு அனுப்பியவர், மேட்டின்மேல் மணலைப் பரப்பித் தளம் போட்ட பிறகுதான் வந்தார். வெள்ளை மணலுக்கு நடுவில் முதல் லாரி மண்ணைச் சாய்த்த அன்று, நீ ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"ஏட்டி, இது எங் கொலுசை முழுங்குன மண்ணுதான?"

நீ விளையாட்டாகத்தான் கேட்டாய் என்று பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். உன் கண் விளையாடவில்லை. அண்ணனிடம் சொன்ன அதே பதிலை உனக்கும் சொன்னேன். நீ தலையாட்டினாய். "நீ சொன்னாச் சரி" என்றாய்.

நீ சொன்னாச் சரி. இந்த மூன்று வார்த்தையைத்தான் என்னால் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை.

ஹால் எழும்பியது. வறண்ட நிலம் தன் மண்ணைக் கடற்கரைக்குக் கொடுத்தது என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். அந்த வரியை அவர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். செலவு குறைந்த உள்ளூர் வழி என்று பாராட்டி எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ கேட்டாய் என்று அந்தப் பாராட்டை உனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "ஒனக்கு எழுத்து கை வந்த கலைட்டி" என்றாய்.

முதல் மழை போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கோடையில் ஒருநாள் நீ போன் செய்தாய். கடல் இரைச்சல் உன் குரலைவிடப் பெரிதாகக் கேட்டது.

"சுவத்துல ஒரு கோடு விழுந்திருக்குட்டி."

"பூச்சு காஞ்சா விழத்தான் செய்யும்."

"விரலு போவுது."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நாற்காலிக்கு அடியில் தரை பிளந்த மாதிரி இருந்தது. ஆனால் என் வாய் அதன் பாட்டுக்குப் பேசியது. சிமெண்டை வைத்து அடை, மேலே வெள்ளை அடி, அடுத்த வாரம் படம் எடுத்து அனுப்ப வேண்டும், வீட்டுப் பணம் வரட்டும், அப்புறம் எல்லாவற்றையும் சரி பண்ணிக்கொள்ளலாம் என்றது. நீ அடைத்தாய். வெள்ளை அடித்தாய். படத்தில் அந்தச் சுவர் பளிச்சென்று இருந்தது.

கார்த்திகையில் புயல் வந்தது. அன்று காலையிலிருந்தே கோவில்பட்டியிலும் மழை. மத்தியானம் உனக்குப் போன் போட்டேன். எல்லோரும் ஹாலுக்கு வந்தாயிற்றா என்று கேட்டேன்.

"இல்லட்டி. அடுத்த ஊரு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். அந்தச் சுவத்துக்குள்ள பிள்ளையளை ஏத்த எனக்கு மனசு வரல."

நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். நல்லவேளை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் ஹால் பயன்பட்டதற்குப் படம் கேட்பார்கள் என்ற ஒன்றுதான் என் மண்டையில் ஓடியது. "அப்ப படம்?" என்றேன். "ஒரே ஒரு படம்ட்டி. அது இல்லன்னா வீட்டுப் பணம் நின்னுபோவும்" என்றேன். நான் சொன்னது இவ்வளவுதான். கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

ஊரை எல்லாம் கொண்டுபோய்க் கோயிலில் உட்காரவைத்துவிட்டு, நீ மட்டும் திரும்பி வந்திருக்கிறாய். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் படம் வந்தது. ஹாலுக்குள் வரிசையாகப் பாய் விரித்திருந்தாய். சுவரோரம் நாலைந்து தண்ணீர்க் குடம். ஒரு பாயின் தலைமாட்டில் மடித்துவைத்த சின்னப் போர்வை. ஆள் மட்டும் யாரும் இல்லை. படத்துக்குப் பின்னாலேயே உன் குரல்.

"ஏட்டி, படம் வந்துச்சா? ஆளு இல்லன்னு பாக்காத. பாய் விரிச்சிருக்கேன்லா. வந்து படுத்துட்டுப் போயிருக்காகன்னு எழுதிக்க. நான் பாயைச் சுருட்டி வச்சுட்டுக் கெளம்புதேன்."

பாயைச் சுருட்டுவதற்காகத்தான் நீ நின்றிருக்கிறாய். இரவல் பாய்கள். நனைந்தால் உனக்குப் பொறுக்காது.

மறுநாள் தண்ணீர் வடிந்து வழி கிடைத்ததும் அண்ணனும் நானும் வந்தோம். அலை அந்த மேட்டுக்கு வரவே இல்லை. மேட்டுக்குக் கீழேயே ஒதுக்கிவிட்ட பாசியும் பனங்கொட்டையும் வரிசையாகக் கிடந்தன. கரிசல் தான் உப்பிப் பின்சுவரை வெளியே தள்ளியிருந்தது. மழைத் தண்ணீரில் கரைந்து வெள்ளை மணலில் மை கொட்டினாற்போல் கடலைப் பார்க்க ஓடியிருந்தது. அண்ணன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. உன்மேல் விழுந்து கிடந்த சுவர்க் கற்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். ஒரு பாயின் ஓரம் மட்டும் அந்தக் கறுப்புச் சேற்றிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

உன்னைப் புதைக்க உன் ஊரில் இடமில்லை. அடுத்த ஊர்க் கல்லறையில் கேட்டு வாங்கினார்கள். உன் வீட்டுக்காரர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. துக்கத்தில் அப்படி இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதற்கு எனக்கு எப்போதும் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

பத்தே நாளில் அறிக்கை கேட்டார்கள். சேதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'கடல் சீற்றம்' என்று எழுதினேன். அந்த ஒரு சொல் உன் ஊரை அவர்கள் பட்டியலில் மேலே ஏற்றியது. உடனே கவனிக்க வேண்டிய இடம் என்றார்கள். வீடுகளுக்கான விண்ணப்பத்தைப் பழையதிலிருந்தே எடுத்து ஒட்டினேன். அப்போது எனக்கு எதையும் புதிதாக எழுதக் கை வரவில்லை.

உண்மையைச் சொல்லட்டுமா? அன்றிலிருந்து என்னால் எங்கள் காட்டில் நடக்க முடியவில்லை. கோடையில் ஊருக்குப் போனால் வெடிப்புகளைச் சுற்றிக்கொண்டு போகிறேன். எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் உள்ளே தோள்வரை ஒரு கை இருக்கும் என்று பயமாக இருக்கிறது. ஐம்பது வயதுப் பொம்பளை, சின்னப் பிள்ளை மாதிரிப் பயப்படுகிறேன். உன் குரல் இன்னும் என் போனில் இருக்கிறது. புதுப் போன் மாற்றியபோதும் கவனமாக அதை மாற்றி வைத்துக்கொண்டேன். "பாய் விரிச்சிருக்கேன்லா." மழை பெய்கிற நாளில் நான் போடாமலே அது காதில் ஓடும்.

நேற்று உன் கடிதத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தேன். ஏழாவது பக்கத்தில் மேடு பற்றி இருக்கிறது. "உள்ளூர்ப் பங்களிப்பு: கண்மாயிலிருந்து எடுக்கும் கரிசல் மண்." நான் ஒட்டிய வரி. ஒரு எழுத்து மாறாமல் அப்படியே ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை ஒரு ஹால் இல்லை. ஊர் முழுக்க வீடு. பிள்ளைகள் அதற்குள் தூங்கும்.

சொன்னால் பணம் நின்றுபோகலாம், பொய் அறிக்கை கொடுத்த ஊர் என்று உங்களைத் தள்ளிவைக்கலாம். சொல்லாவிட்டால் எங்கள் ஊர்க் கண்மாய் உங்கள் வீடுகளுக்கு அடியில் போய் உட்காரும். இரண்டுக்கும் நடுவில் வேறு வழி இருக்கிறதா என்று விடியும்வரை தேடினேன். எப்போதும் ஏதாவது ஒரு பதில் வைத்திருக்கும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

உன் மகளை வரச் சொன்னேன். இப்போது தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். ஊர்ப் பெண்கள் கூடி, உன் இடத்தில் கையெழுத்துப் போட அவளைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பதினொரு மணி பஸ்ஸில் வந்தாள். படியேறி வந்தவள் பாகு வாசனையை உன்னை மாதிரி இழுத்து மூச்சு விடவில்லை. முகம் மட்டும் நீதான். மேல் உதட்டைக் கடித்துக்கொண்டு படிக்கிறாள். ஏழாவது பக்கத்தில் நின்றாள்.

"இதுலயும் கரிசல்னு போட்டிருக்கு, சித்தி."

"ஆமா."

"நீங்களா எழுதுனீங்க?"

"நான்தான்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "நான்தான் எழுதுனேன். அந்த மண்ணையும் நான்தான் அனுப்புனேன். அந்தச் சுவரைக் கடல் தள்ளல, தாயி. அந்த மண்ணுதான் தள்ளுச்சு. ஒங்க அம்மா அன்னைக்குத் திரும்பிப் போனதும் என்னாலதான். நான்தான் படம் கேட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். காகிதங்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி மேஜைமேல் வைத்தாள்.

"தெரியும்" என்றாள். "ஊர்ல எல்லாருக்கும் தெரியும். மறுநாளே அப்பா அந்தக் கறுப்புச் சேத்தைக் கையில அள்ளிப் பாத்துட்டாக. அம்மா போனு அவுககிட்டதான் இருக்கு, நீங்க பேசுனது எத்தனை மணிக்குன்னும் தெரியும். நீங்க எப்ப வாயைத் தெறப்பீங்கன்னுதான் மூணு வருசமா பாத்துட்டு இருக்கோம்."

மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. நான் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்த ஒன்றை உன் ஊர் முழுக்க என் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. திருவிழாவுக்கு வந்தபோது எனக்கு இலை போட்டுச் சோறு வைத்தார்களே, அப்போதும் தெரிந்திருக்கிறது.

"எழுதுங்க" என்றாள். "நான் இங்கனதான் இருக்கேன்."

எழுதினேன். இத்தனை வருட வேலையில் அலங்காரம் இல்லாமல் நான் எழுதிய முதல் கடிதம் அதுதான். சுவர் விழுந்தது கடலால் அல்ல, நான் அனுப்பிய மண்ணால். எனக்கு அது முன்பே தெரியும். அந்த மண்மேல் வீடு கட்டக் கூடாது. அறிக்கையில் நான் எழுதியது பொய், ஊருக்கு அதில் பங்கில்லை. இறந்துபோன அந்த ஒரு பெண்தான் நீங்கள் இப்போது கடிதம் எழுதியிருக்கும் பிரதிநிதி. ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டக் காட்ட, அவள் தலையாட்டினாள். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"சரள் மண்ணுக்குக் காசு?"

"அது உள்ளூர்ப் பங்களிப்பு, தாயி. அதை நம்மதான் குடுக்கணும்னு அவிய வச்சிருக்காக."

உன் மகள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கடையில் தட்டில் ஊற்றிய மிட்டாயைக் கட்டையால் உருட்டும் சத்தம் கேட்டது.

"எங்க பங்கு நாங்க குடுத்தாச்சு சித்தி. அப்படியே எழுதுங்க."

உள்ளூர்ப் பங்களிப்பு என்ற கட்டத்தில் கரிசலை அடித்துவிட்டு, 'கொடுக்கப்பட்டுவிட்டது' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் உன் பெயரைப் போட்டேன். அவள் தன் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டாள். முத்திரை குத்தினேன். கணினியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். பதில் என்ன வரும் என்று தெரியாது. நின்றுபோனாலும் போகலாம், என் வேலையும் போகலாம். நீ அன்று சென்னையில் கேட்ட கேள்வி இத்தனை வருடம் கழித்து அவர்கள் மேஜைக்குப் போயிருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

அவள் கிளம்பும்போது, இழுப்பறையிலிருந்து கொலுசை எடுத்துக் கொடுத்தேன். "ஒங்க அம்மாவோடது. காலேஜ்ல படிக்கும்போது போட்டிருந்தா. இது ஒன்கிட்டதான் இருக்கணும்" என்றேன். இன்னொன்று எங்கே என்று கேட்டாள். எங்கள் காட்டு மண்ணுக்குள் என்றேன்.

அவள் அதை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள். பிறகு என் மேஜையில் வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள்.

"ஒத்தக் கொலுசை வச்சு நான் என்ன செய்ய? நீங்களே வச்சுக்கோங்க."

அது அன்று நீ சொன்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை, நீயும் சொல்லியிருக்கமாட்டாய். அவள் படியிறங்கிப் போய் வெகுநேரம் ஆகிறது. நான் இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். கொலுசை மறுபடி இழுப்பறையில் போடவில்லை. கைப்பையில், போனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இனிமேல் நான் எங்கே நடந்தாலும் எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே நீ வெடிப்புகளைத் தாண்டிக் குதித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்கும். கேட்கட்டும், வச்சுக்கிடுதேன்ட்டி.